சிரிப்பும் துப்பாக்கியும்: உளவுப் படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பெங்களூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. அதனால் இந்தப் பக்கங்களை முழுக்க ஜாலியான உளவுப் படங்களுக்கே ஒதுக்கிவிட்டோம்.

வேறொரு படத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. நேரம் போகட்டும் என்று குடும்பத்தோடு ஒரு விளையாட்டான உளவுப் படத்துக்குள் நுழைந்தோம். போஸ்டரைப் பார்த்து ‘இது தேறாது’ என்றுதான் நினைத்தோம். ஆனால் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. எதிர்பார்ப்பு இல்லாமல் போனதால் பிடித்ததா, படமே நல்ல படமா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, அல்சூர்

எதிர்பார்ப்பு இல்லாமல் போவது முதல் இருபது நிமிடத்துக்குத்தான் கைகொடுக்கும். அதற்குப் பிறகும் நீங்கள் கைப்பேசியை எடுக்கவில்லை என்றால் அது படத்தின் கெட்டிக்காரத்தனம். சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். படம் பார்க்காத ஒருவரிடம் மறுநாள் ஏதாவது ஒரு சண்டைக்காட்சியை வாயால் சொல்லிப் பாருங்கள். யார் எங்கே நின்றார், எதை எடுக்க வந்தார், எது குறுக்கே வந்தது, எப்படி வெளியேறினார் என்ற நான்கும் கோவையாக வந்தால் அந்தக் காட்சி ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. ‘பயங்கர ஃபைட், சூப்பரா இருந்துச்சு’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை என்றால் உங்களைப் பிடித்து வைத்தது சத்தமும் வேகமும்தான்.

இந்த வகைப் படத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: ஆபத்தை யார் நம்புகிறார்கள்? நாயகன் சிரிக்கலாம், உடன் வரும் நண்பன் உளறலாம், மேலதிகாரி கத்தலாம். வில்லனும் அவன் கையிலுள்ள குண்டும் மட்டும் விளையாட்டாக ஆகக் கூடாது. வில்லனும் ஜோக் அடிக்க ஆரம்பித்தால் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்று பார்வையாளருக்குத் தோன்றிவிடும். அப்புறம் எத்தனை கார் பறந்தாலும் கொட்டாவிதான் வரும்.

இதற்கு நம்மவர் ஒருவர் நடித்த படமே நல்ல உதாரணம். 1983-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஆக்டோபஸி’யின் ஒரு பகுதி உதய்ப்பூரில் நடக்கிறது. அதில் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், விஜய் என்ற பெயரிலேயே உள்ளூர் உளவாளியாக வருகிறார். பாம்பாட்டி வேடத்தில் மகுடியில் பாண்ட் படங்களின் இசையையே வாசித்து அடையாளம் காட்டுவார். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை அடிப்பார். எல்லாம் சிரிப்பு. பிறகு அதே ஆளை வட்ட ரம்பம் பொருத்திய யோ-யோவால் கொன்றுவிடுகிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அங்கே நிமிர்ந்து உட்காரும். வேடிக்கைக்காரனை இழந்தபின் நாயகனின் அடுத்த ஒவ்வொரு அடிக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. ஜாலியான படத்திலும் ஒரு இழப்பாவது நிஜமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பது இதனால்தான்.

சிரிப்பு தவறான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாண்ட் படமே உதாரணம். 1974-இல் வந்த ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ படத்தில் ஒரு கார் உடைந்த பாலத்தின் மேலிருந்து பாய்ந்து, காற்றில் ஒரு முழுச் சுற்று உருண்டு, ஆற்றின் மறுகரையில் நான்கு சக்கரத்தில் இறங்கும். கணினியில் கணக்குப் போட்டு, காரின் எடையைச் சமன்செய்ய ஸ்டியரிங்கை நடுவில் மாற்றிவைத்து, ஒரே டேக்கில் நிஜமாகச் செய்த சாகசம் அது. அந்தப் பாய்ச்சலின் மேல் ‘ஊய்ய்’ என்று கோமாளி விசில் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்த ஒரு காட்சி சர்க்கஸ் இடைவேளை மாதிரி ஆகிவிட்டது. நிஜமான சாகசத்துக்கு அமைதிதான் பின்னணி. சிரிப்பு வேண்டுமென்றால் கார் இறங்கிய பிறகு, உள்ளே இருப்பவர் முகத்தில் வரட்டும்.

உங்களுக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். படத்தின் தொடக்கத்தில் ஒரு பேனாவையோ குடையையோ காட்டி, இது இப்படி வேலை செய்யும் என்று சொல்லியிருப்பார்கள். நடுவில் அதை எடுப்பார்கள், வேலை செய்யாது. கடைசியில் யாரும் நினைக்காத வேறொரு விதத்தில் உதவும். இந்த மூன்று படியும் சரியான இடைவெளியில் விழுந்தால் பார்வையாளர், ‘அட, இதை மறந்தே போனோமே’ என்று சந்தோஷப்படுவார். முதல் படியை விட்டுவிட்டு உச்சக்கட்டத்தில் திடீரென்று ஒரு கருவியை எடுத்தால் அது ஏமாற்று வேலை. முதல் படியிலேயே பத்துக் கருவிகளை அடுக்கிக் காட்டினால் எதுவும் மனதில் நிற்காது. இரண்டு அல்லது மூன்று போதும்.

எல்லோரும் துரத்தும் பொருள், அதாவது அந்த பென்டிரைவ் அல்லது ரகசியப் பட்டியல், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்வையாளர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இப்போது அது யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் ஒவ்வொரு நிமிடமும் தெரிய வேண்டும். திரையில் வரைபடம் போட்டு ஐந்து நிமிடம் விளக்கும் படங்கள் பெரும்பாலும் அங்கேயே கூட்டத்தை இழக்கின்றன.

சில படங்களில் சண்டை பார்த்தால் தலை வலிக்கிறது. சிலவற்றில் அவ்வளவு அடிதடி இருந்தும் தெளிவாக இருக்கிறது. கேமரா ஆடுவதுதான் காரணமா?
— வாசகர், ஃப்ரேசர் டவுன்

கேமரா ஆடுவது பாதிக் காரணம். மோதும் இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கோட்டின் ஒரு பக்கமே இருந்தால் நாயகன் எப்போதும் திரையின் இடப்பக்கம், எதிரி வலப்பக்கம். முன்னறிவிப்பு இல்லாமல் கோட்டின் மறுபக்கத்திலிருந்து எடுத்த ஷாட்டுக்கு வெட்டினால் இருவரும் பக்கம் மாறுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மூளை ‘யார் யார்’ என்று புதிதாகத் தேட வேண்டும். நொடிக்கு ஒரு வெட்டு என்று வந்தால் தேடி முடிக்கவே நேரமிருக்காது. வலி அதனால்தான்.

இன்னொன்று, ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளி எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் தடுப்பு. சினிமா நொடிக்கு 24 சட்டங்களில் (ஃப்ரேம்களில்) ஓடுகிறது. ஷட்டர் திறந்திருக்கும் கோணத்தை வழக்கமான 180 பாகையில் வைத்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் ஒளி விழும். வீசும் கையில் லேசான தீற்றல் வரும், கண்ணுக்கு இதமாக இருக்கும். அதை 45 பாகைக்குக் குறைத்தால் தீற்றல் போய் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். போர்க்களக் காட்சியில் அந்தப் பதற்றம் பொருந்தும். சிரிப்புச் சண்டைக்குப் பொருந்தாது. யார் தடுக்கி விழுந்தார் என்று முழு உடம்பும் தெரிந்தால்தானே சிரிப்பு வரும்.

திரையரங்கில் உட்காரும் இடமும் முக்கியம். மொத்த வரிசைகளில் முன்னாலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் எடுங்கள். முதல் நான்கு வரிசையில் உட்கார்ந்தால் தெளிவாக எடுத்த சண்டையும் குழப்பமாகவே தெரியும்.

துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினால் ‘ப்யூ’ என்று மட்டும் கேட்கிறதே, நிஜமா?
— பத்தாம் வகுப்பு மாணவர், ராமமூர்த்தி நகர்

நிஜமில்லை. சாதாரண 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் சத்தம் 160 டெசிபலை ஒட்டி இருக்கும். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சம் 125-க்கு மேல். பக்கத்து அறையில் இருப்பவர் எழுந்து ஓடி வருகிற அளவுக்குச் சத்தம்தான். அந்தக் குழாயின் வேலை, வெடித்து வெளியேறும் வாயுவை உள்ளே உள்ள தடுப்புகளில் சுற்றவிட்டு மெதுவாக வெளியே விடுவது. ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றில் எழுப்பும் ‘படீர்’ ஓசையை அது ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தவிர்க்க ஒலி வேகத்துக்குக் கீழே போகும் கனமான தோட்டா வேண்டும்.

கூடவே இரண்டு: கைக்குட்டையில் குளோரோஃபார்ம் வைத்து அழுத்தினால் ஒரே நொடியில் யாரும் மயங்க மாட்டார்கள், தொடர்ந்து சில நிமிடம் சுவாசிக்க வேண்டும். அது உயிருக்கே ஆபத்தானது. லேசர் கதிர் காற்றில் சிவப்புக் கோடாகத் தெரிய வேண்டுமானால் அறையில் சாம்பிராணி போட்ட அளவுக்காவது புகை இருக்க வேண்டும்.

தமிழில் இந்த வகைக்கு முன்னோடி உண்டா?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

நன்றாகவே உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’, 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ எடுத்தது. அவருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டமே நிலைத்துவிட்டது. எம்.ஜி.ஆருக்கு 1968-இல் ‘ரகசிய போலீஸ் 115’.

இன்றைய விளையாட்டு உளவுப் படத்துக்கு நெருக்கமாக வருவது 1986-இல் வந்த கமல்ஹாசனின் ‘விக்ரம்’. கதை சுஜாதா. அக்னிபுத்ரா என்ற ஏவுகணை திருடுபோகிறது, தேடல் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறது. மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ், சுல்தானாக அம்ஜத் கான். ஏவுகணை பற்றிய முதல் பகுதி இறுக்கமானது, சலாமியா பகுதி கலகலப்பானது. இரண்டும் தனித்தனியாக நன்றாக இருக்கின்றன. ஆனால் சலாமியாவுக்குள் போனபின் ஏவுகணையின் மேல் நமக்கிருந்த கவலை குறைந்துவிடுகிறது என்பது எங்கள் கருத்து. அதைத் தாண்டியும் அது ஆசையாகப் பார்க்க வேண்டிய படம்தான். சத்யராஜின் சுகிர்தராஜா போல வில்லத்தனத்தை ரசித்துச் செய்யும், ஆனால் நம்மை அஞ்சவும் வைக்கும் வில்லன் அபூர்வம்.

பத்து வயதுப் பையனோடு போகலாமா என்று எதை வைத்து முடிவு செய்வது? டிக்கெட் எடுத்தபின் ஏமாந்துபோக விருப்பமில்லை.
— வாசகி, ஜெயநகர்

தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2023 திரைப்படத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு யு/ஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. யு/ஏ என்பது தடை இல்லை, பெற்றோர் முடிவுக்கு விட்டது. ‘ஏ’ மட்டும்தான் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை. கையில் டிக்கெட் இருந்தாலும் வாசலில் திருப்பி அனுப்புவார்கள். ஜாலியான உளவுப் படம் 13+ வாங்கியிருந்தால் பெரும்பாலும் அடிதடியோ இரட்டை அர்த்த வசனமோ காரணம். பத்து வயதுக்கு அதில் எது சரிப்படாது என்பது உங்கள் வீட்டு முடிவு. 16+ என்றால் பையனை அழைத்துப்போக வேண்டாம்.

முன்பதிவு செய்யும்போது மொழியையும் ஒரு முறை சரிபாருங்கள். பெங்களூரில் ஒரே படம் ஆங்கிலம், இந்தி, கன்னடம், தமிழ் என்று வெவ்வேறு காட்சிகளில் ஓடலாம். நேரத்தை மட்டும் பார்த்து அவசரமாகத் தட்டினால் மொழி மாறிவிடும்.

தமிழ் டப்பிங்கா, ஆங்கிலத்தில் சப்டைட்டிலா? எதில் சிரிப்பு கூடுதல்?
— வாசகர், வொயிட்ஃபீல்ட்

தாத்தா பாட்டி, சிறுவர்களோடு என்றால் தயங்காமல் டப்பிங். சப்டைட்டிலில் சிரிப்புக்கு ஒரு தொல்லை உண்டு. நடிகர் வாயைத் திறக்கும்போதே முழு வரியும் கீழே வந்துவிடும், ஜோக்கின் கடைசிச் சொல்லை நாம் முன்கூட்டியே படித்துவிடுவோம். டப்பிங்கில் இருக்கும் தொல்லை வேறு. ப, ம என்று உதடு ஒட்டும் எழுத்துகள் நடிகரின் உதடு ஒட்டும் இடத்தில் விழ வேண்டும். அதற்காக வசனத்தை நீட்டி முறித்தால் ஜோக்கின் வேகம் செத்துவிடும். நல்ல டப்பிங் எழுத்தாளர் நடிகர் முகம் திரும்பியிருக்கும் இடங்களில் புது வசனமே சேர்த்துவிடுவார். முன்னோட்டத்தைத் தமிழில் அரை நிமிடம் கேட்டாலே தரம் தெரிந்துவிடும்.

வீட்டில் டிவியில் பார்க்கும்போது வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடி குண்டு வெடித்துப் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுகிறார். தீர்வு?
— வாசகி, பானஸ்வாடி

படத்தின் ஒலிக்கலவை பெரிய அரங்குக்காகச் செய்யப்பட்டது. மெல்லிய பேச்சுக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே வேண்டுமென்றே பெரிய இடைவெளி விட்டிருப்பார்கள். ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் 5.1 கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும். டிவியில் இரண்டே ஸ்பீக்கர்கள், எல்லாம் ஒன்றாகக் கலந்து வசனம் அமுங்கும்.

ஓடிடி செயலியின் ஆடியோ பட்டியலில் 5.1, ஸ்டீரியோ இரண்டும் இருந்தால், சவுண்ட்பார் இல்லாதவர்கள் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு டிவி ஒலி அமைப்பில் ‘நைட் மோட்’ அல்லது ‘ஆட்டோ வால்யூம்’ போடுங்கள், வெடிச்சத்தம் அமுங்கி வசனம் மேலே வரும். சவுண்ட்பார் இருந்தால் சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டி, சப்வூஃபரைக் குறையுங்கள். அடுக்குமாடியில் சுவர் தாண்டிப் போவது அந்த அடித்தொனிதான். சப்வூஃபரை அறை மூலையிலிருந்து வெளியே நகர்த்தினாலும் அதிர்வு குறையும்.

ஒலி சரியானதும் படத்துக்கு வாருங்கள். ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 24 சட்டங்களுக்கு நடுவே டிவி தானாகப் புதுச் சட்டங்களை உண்டாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு நன்றாக இருக்கும், படத்தில் சண்டைக்காட்சி சீரியல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும்.

நாங்கள் ஐந்து பேர், கல்லூரி மாணவர்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு உளவு நகைச்சுவைக் குறும்படம் எடுக்கப் போகிறோம். கைப்பேசிதான் கேமரா. ஒரு சண்டைக்காட்சி இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
— மாணவர்கள், கம்மனஹள்ளி

இடத்திலிருந்து தொடங்குங்கள். கப்பன் பார்க், மெட்ரோ நிலையம் போன்ற பொது இடங்களைக் கதையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அனுமதிக்கு அலைவதிலேயே செமஸ்டர் முடிந்துவிடும். ட்ரோனும் வேண்டாம். ஹெச்.ஏ.எல். விமான நிலையம், எலஹங்கா, ஜாலஹள்ளி விமானப்படைத் தளங்கள் எல்லாம் இருக்கும் ஊர் இது. வீட்டு மொட்டை மாடி, சமையலறை, படிக்கட்டு போதும். சமையலறை மிக நல்ல இடம். ஆயுதமாக எடுக்க எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இடம் குறுகலானதால் நடிகர்கள் இடித்துக்கொள்வதே சிரிப்பாகும். நிஜக் கத்தியை மட்டும் படப்பிடிப்புக்கு முன்பே அகற்றிவிடுங்கள். பொம்மைத் துப்பாக்கியைத் தெருவிலோ பால்கனியிலோ காட்டக் கூடாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது, போலீஸ் வந்துவிடும்.

சண்டைக்கு எட்டு முதல் பன்னிரண்டு அசைவுகள் போதும். அதற்கு மேல் போனால் நடிகர்கள் மறந்து தயங்குவார்கள், அந்தத் தயக்கம் திரையில் அப்பட்டமாகத் தெரியும். ஒவ்வொரு அசைவுக்கும் எண் கொடுத்து எண்களைச் சொல்லியே ஒத்திகை பாருங்கள். முதலில் பாதி வேகம், பிறகு முக்கால் வேகம். முழு வேகம் வேண்டவே வேண்டாம், பயிற்சி இல்லாதவர்களுக்கு முக்கால் வேகமே திரையில் நன்றாக இருக்கும். தரையில் கம்பளி விரிக்காதீர்கள், வழுக்கும். யோகா பாய் இரண்டை அடுக்கி டேப் ஒட்டுங்கள்.

குத்து எப்போதும் முகத்துக்கு முன்னால் ஒரு அடி தூரத்தில் போக வேண்டும். கேமரா, முஷ்டி, முகம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வையுங்கள். அப்போது இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் குத்து காற்றில் போவது பளிச்சென்று தெரிந்துவிடும், புதியவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. கைப்பேசியில் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பெரிதாக்கும் தனி லென்ஸ் இருந்தால் அதைப் போட்டுப் பின்னால் தள்ளி நின்று எடுங்கள், இடைவெளி இன்னும் அமுங்கும். அடி வாங்குபவர் குத்து வருவதற்கு முன் தலையைத் திருப்பினால் எல்லாம் போச்சு. அவர் முஷ்டி முகத்தைக் கடக்கும் கணத்தில் திரும்ப வேண்டும், கண் திரும்பி, தலை திரும்பி, அப்புறம் தோள்.

கைப்பேசியில் சட்ட வேகத்தை 24 அல்லது 25-க்கும், ஷட்டரை 1/50-க்கும் பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசி தானாக எடுக்கும் 30 சட்டம், 1/60 ஷட்டரில் ட்யூப்லைட் வெளிச்சம் துடிக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

எடிட்டிங்கில் குத்து விழும் இடத்தில் வெட்டும்போது அடுத்த ஷாட்டை இரண்டு, மூன்று சட்டம் முன்னாலிருந்து ஆரம்பியுங்கள். அசைவு மிகச் சிறிதாக இரண்டு முறை வரும், கண்ணுக்கு அடி கனமாக விழுந்தது போலிருக்கும். ஐந்து சட்டத்தைத் தாண்டினால் திக்குவது தெரிந்துவிடும். ஜோக்குக்கு இதன் நேர்மாறு: வெட்டாமல் காத்திருக்க வேண்டும். நாயகன் கதவை உதைக்கிறான், திறக்கவில்லை என்றால் அவன் முகத்தில் அரை நொடி, அதாவது பன்னிரண்டு சட்டம் கூடுதலாக நில்லுங்கள். பின்னணி இசையை உதைக்கு ஒரு நொடி முன்பே நிறுத்திவிடுங்கள். இசை ஓடிக்கொண்டே இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒலியைத் தனியாகப் பதியுங்கள். ஈரத் துண்டை முறுக்கித் தோல் பையில் அடித்தால் குத்து. முள்ளங்கியை முறித்தால் எலும்பு. கத்தி உருவும் ஓசைக்கு தோசைத் திருப்பியை இரும்பு வாணலி விளிம்பில் ஒரே இழுப்பில் இழுங்கள். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து, மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் பத்து முறை எடுங்கள். ஒரே குத்துச் சத்தத்தை எல்லா அடிக்கும் ஒட்டினால் மூன்றாவது அடியிலேயே செவி கண்டுபிடித்துவிடும். பதிவு முடிந்ததும் ஃப்ரிட்ஜை மறுபடி போட ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.